கடுகு மஞ்சள் குர்த்தியும் கரைந்துபோன ஷூவும்: ஏற்காட்டில் நான் தனியாகப் பட்ட பாடு

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்பது மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தெரிகிற மலை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதாலேயே போகாமல் இருப்போம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறுவோம். ஏரியில் ஒரு படகு, கரையில் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம். முப்பது கிலோமீட்டர்தான். அங்கே போய் ராத்திரி தங்குவது என்றால் சொந்த ஊரிலேயே லாட்ஜில் ரூம் போடுகிற மாதிரி ஒரு கூச்சம். ஆனாலும் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர், "ஒரு நாள் ஏற்காட்டுல ராத்திரி தங்கணும்டி" என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். கல்யாண வீட்டில் பார்த்தால் சொல்வோம், காதுகுத்தில் பார்த்தால் சொல்வோம். போன நவம்பரில் அது நடந்தே விட்டது. தங்கியது நான் ஒருத்தி மட்டும்.

பெயர் போட்டு எழுதினால் நாளைக்கு மார்க்கெட்டில் முகம் பார்க்க முடியாது. அதனால் அவரவர் ஏரியாவை வைத்தே சொல்கிறேன். குகைக்காரி, சூரமங்கலத்துக்காரி, ஃபேர்லேண்ட்ஸ்காரி, அம்மாபேட்டைக்காரி. நான் செவ்வாய்ப்பேட்டை. வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்த அன்றைக்கே நூற்றுக்கும் மேல் மெசேஜ். அதில் எந்த பஸ், எவ்வளவு பணம், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதெல்லாம் பத்து மெசேஜ் கூட இருக்காது. மிச்சமெல்லாம் என்ன கலரில் டிரஸ் போடுவது என்பதுதான். ஐந்து பேரும் ஒரே கலரில் போட்டால் போட்டோ நன்றாக வரும் என்று ஃபேர்லேண்ட்ஸ்காரி சொன்னாள். பச்சை மலையில் பச்சை போட்டால் தெரியாது, நீலம் எல்லோரிடமும் இருக்கிறது, சிவப்பு போட்டால் மேல்மருவத்தூர் போகிற மாதிரி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் கடுகு மஞ்சளில் வந்து நின்றோம். கடுகு மஞ்சள் குர்த்தி, காபிப் பொடி கலரில் பேன்ட். ஆன்லைனில் ஒன்று 749 ரூபாய். மூன்றே நாளில் ஐந்து வீட்டுக்கும் ஐந்து பார்சல் வந்து சேர்ந்தது. குர்த்தி விஷயத்தில் காட்டிய ஒற்றுமையை நாங்கள் வேறு எதிலும் காட்டவில்லை.

காட்டேஜ் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஆறு பேர் தங்கலாம், சனிக்கிழமை ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாய், முன்பணம் 4,000. "போட்டுடவா?" என்று குழுவில் கேட்டேன். நான்கு கட்டை விரல் வந்தது. அந்த நான்கு கட்டை விரலை நம்பி என் கணக்கிலிருந்து பணத்தை அனுப்பினேன். நான் செய்த முதல் தப்பு இதுதான், வரப்போகிற மற்ற தப்புகளுக்கெல்லாம் தாய்த் தப்பும் இதுதான். கட்டை விரல் என்பது "மெசேஜைப் பார்த்துவிட்டேன்" என்பதற்கான அடையாளம், "வருகிறேன்" என்பதற்கானது இல்லை. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். உண்மையில் வருகிறவர்கள் யார் என்று தெரிய ஒரே வழி, ரூம் போடுவதற்கு முன்னால் ஆளுக்கு 500 ரூபாயாவது வாங்கிவிடுவது. தொகை பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை. 500 ரூபாய் கொடுத்தவள் மாமியாரிடம் முன்கூட்டியே பேசி வைப்பாள், பையனின் டெஸ்ட் தேதியைப் பார்ப்பாள், வீட்டுக்காரருக்கு லீவு போடச் சொல்வாள். கொடுக்காதவளுக்கு அந்தச் சனிக்கிழமை காலையில்தான் அன்றைக்குச் சனிக்கிழமை என்பதே தெரியும். அப்படியே காட்டேஜ்காரரிடமும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். வராவிட்டால் முன்பணம் திரும்புமா? ஆள் குறைந்தால் சின்ன ரூமுக்கு மாற்றித் தருவீர்களா? பதிலை மெசேஜாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். "பார்த்துக்கலாங்க" என்று போனில் சொல்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் விக்கெட். ஃபேர்லேண்ட்ஸ்காரி அன்றைக்குத்தான் பார்லருக்குப் போய் முடியை ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொண்டு வந்திருக்கிறாள், எங்களோடு எடுக்கப் போகிற போட்டோவுக்காகவே. மூன்று நாளைக்குத் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று பார்லரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏற்காட்டிலோ ஐப்பசி மழை. "குடை பிடிச்சுக்கோடி" என்றேன். "பனி இருக்கும்ல, பனியும் தண்ணிதானே" என்றாள். அறிவியல்படி அவள் சொன்னது சரிதான். போட்டோவுக்காகச் செய்த முடியால் போட்டோவுக்கே வர முடியாமல் போனது அவள் விதி, அதற்கு நான் என்ன சொல்ல? சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் குகைக்காரியிடமிருந்து நான்கு நிமிட ஆடியோ வந்தது. நான்கு நிமிட ஆடியோ என்றாலே வரவில்லை என்று அர்த்தம். மாமியார் என்ற வார்த்தை எத்தனை முறை வந்தது என்று எண்ணவில்லை. ஆறு மணிக்குச் சூரமங்கலத்துக்காரி, பையனுக்குத் திங்கட்கிழமை கணக்கு டெஸ்ட் என்றாள். டெஸ்ட் அவனுக்கு, அதற்கு இவள் ஏன் உட்கார வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. என் பையனும் பத்தாம் வகுப்புதான், அதனால் மூடிக்கொண்டேன்.

மிச்சம் அம்மாபேட்டைக்காரி. நான் புதிய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போன் செய்கிறேன், எடுத்தவள் மூச்சு வாங்கப் பேசுகிறாள். "பைப்புல காத்து வருதுடி!" வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் மேட்டூர் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்கு முதலில் குழாயில் உஸ்ஸென்று காற்று வரும், பின்னாலேயே தண்ணீர் வரும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் சேலத்துப் பெண் பிள்ளை கல்யாணத்தைக்கூட அரை மணி நேரம் தள்ளி வைப்பாள். "நீ ஏறு, நான் தண்ணியைப் பிடிச்சுட்டு அடுத்த பஸ்ல வந்துடறேன்" என்றாள். நான் ஏறிவிட்டேன். திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் 4,000 ரூபாய் போய்விட்டது, போதாததற்கு என் வீட்டுக்காரர் முதல் நாள் ராத்திரியே "பாரு, கடைசியில நீ மட்டும்தான் போகப்போற" என்று சொல்லிச் சிரித்திருந்தார். அவர் சொன்னது பலித்துவிட்டது என்று அவரிடமே போய்ச் சொல்வதைவிட மலை ஏறுவது சுலபமாகத் தெரிந்தது.

பஸ்ஸில் கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால்தான் இடம் கிடைத்தது. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் ராணி மாதிரி வந்தேன். அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு. காலையில் ஆத்திரத்தில் இரண்டு தட்டு பூரி சாப்பிட்டிருந்தேன், வழியெல்லாம் தலையைக் குனிந்து குழுவில் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது வளைவில் பூரி திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டாவது வளைவில் கண்டக்டர் ஒன்றும் பேசாமல் ஒரு பையை நீட்டினார். விவரத்துக்குள் போக வேண்டாம். மலை பஸ்ஸில் பின்பக்கம்தான் அதிகமாக ஆடும். முன்னால் உட்கார்ந்து, தூரத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். போனைப் பார்ப்பதும் புத்தகம் படிப்பதும் வாந்தியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. உடல் அசைகிறது என்று காது சொல்ல, அசையவில்லை என்று கண் சொல்ல, இரண்டுக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பஸ் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். வளைவில் குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, குளிர். ஏதோ மணாலிக்குப் போகிற மாதிரி உள்ளே பஞ்சு வைத்த ஜாக்கெட்டை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போனேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். நம்ம ஊரைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும், அவ்வளவுதான். பகலில் ஒரு சாதாரண ஸ்வெட்டரே அதிகம். ராத்திரிக்கும் மழைக்கும்தான் கனமாக ஏதாவது வேண்டும். ஐந்து ரோட்டு சிக்னலில் அந்த ஜாக்கெட்டோடு நின்ற பத்து நிமிடத்தில் எனக்கு வேர்த்த வேர்வைக்கு மேட்டூர் தண்ணீரே தேவையில்லை.

காட்டேஜில் மேனேஜர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். மற்ற நான்கு பேரைத் தேடுகிறார். "வண்டியில வர்றாங்களா மேடம்?" "இல்லைங்க, நான் மட்டும்தான்." அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்து போனது. அந்தப் பரிதாபத்தைப் பிடித்துக்கொண்டு சின்ன ரூம் கேட்டேன். "புக்கிங் காட்டேஜுக்குதாங்க, ஆளுக்கு இல்லை" என்று மிச்சம் 3,500 ரூபாயை வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன? சீசன் சனிக்கிழமையில் நான் வரவில்லை என்றால் வேறு யாருக்காவது கொடுத்திருப்பார். கோபத்தில் நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கையில் துண்டும் பக்கெட்டுமாக இரண்டு பெண்கள் படி ஏறி வருகிறார்கள். கடுகு மஞ்சள் குர்த்தி, காபிப் பொடி கலர் பேன்ட். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் யூனிஃபார்ம்.

நூற்றுக்கும் மேல் மெசேஜ் அனுப்பித் தேர்ந்தெடுத்த கலர். பையை உள்ளே வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்த ஐந்தாவது நிமிடம், பக்கத்து காட்டேஜிலிருந்து ஓர் ஈரோட்டுக்காரர் கூப்பிட்டார். "அக்கா, எங்க பாத்ரூம்ல சுடுதண்ணி வரலைங்க, கொஞ்சம் பாருங்க." நான் இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவர் இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் ஒரு துண்டு, கண்ணில் நம்பிக்கை. ரிசப்ஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஊருக்குப் போகும்போது குழுவாக ஒரே கலர் போடுவதில் ஒரு தப்பும் இல்லை, ஐந்து பேரும் வந்தால். ஒருத்தி மட்டும் வந்தால் அது யூனிஃபார்ம் ஆகிவிடும்.

இனிமேல்தான் ஷூ. 2019 டிசம்பரில் வாக்கிங் போகப்போகிறேன் என்று 2,899 ரூபாய்க்கு ஒரு ஷூ வாங்கினேன். ஜனவரியில் குளிர், பிப்ரவரியில் சோம்பல், மார்ச்சில் ஊரடங்கு. பெட்டியிலேயே போட்டு, உள்ளே வைத்திருந்த அந்தச் சின்ன உப்புப் பொட்டலத்தோடு பீரோ மேல் ஏற்றிவிட்டேன். நல்ல நாளுக்குப் போடலாம், நல்ல நாளுக்குப் போடலாம் என்று ஐந்து வருடத்துக்கு மேல் காத்திருந்தது அது. பட்டுப்புடவை மாதிரி வைத்திருந்தேன் என்றால் மிகையில்லை. அந்த நல்ல நாள் இதுதான் என்று முடிவு செய்து, 150 ரூபாய்க்கு ஆட்டோ பிடித்து கிளியூர் அருவிக்குப் போனேன். ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதனால் கோடையில் போனால் பாறையை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். மழைக்குப் பிறகு போனால்தான் அருவி. ஆட்டோவை அனுப்பிவிட்டேன். திரும்ப வேறு ஆட்டோ கிடைக்காதா என்ன?

படி இறங்க இறங்க, நான் கால் வைத்த இடத்திலெல்லாம் கறுப்பாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. முன்னால் போனவர்கள் கேக் சாப்பிட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்தேன், நிஜமாகவே. சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒழுங்கு இல்லை என்று மனதுக்குள் திட்டியும் விட்டேன். இன்னும் பத்துப் படி இறங்கியதும் இடது கால் வலது காலைவிடக் குள்ளமானது. குனிந்து பார்த்தால் கேக் என்னுடையதுதான். குதிகால் பக்கம் அடிப்பாகம் முழுக்க ஈரப்பட்ட ஜவ்வரிசி மாவு மாதிரி பிசுபிசுவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. மேல் பாகம் புத்தம் புதுசு, ஒரு கீறல் இல்லை. இன்னும் நான்கு படியில் இடது ஷூவின் அடித்தட்டு முன்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நாய் நாக்கு மாதிரி தொங்கியது. "அம்மா, அந்த ஆன்ட்டி ஷூ வாயைத் திறக்குது" என்று ஒரு குழந்தை கத்தியது. அருவி இரைச்சலிலும் எல்லோருக்கும் கேட்டது.

அருவியைச் சரியாகப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. படியைத்தான் பார்த்தேன். தோளில் போட்டிருந்த ஸ்டோலை இடது ஷூவைச் சுற்றிக் கட்டினேன். வலது ஷூவுக்கு முடியில் போட்டிருந்த ரப்பர் பேண்ட். இறங்குவது எளிது, ஏறுவதுதான் உயிர் போகும் என்பதை அந்தப் படிகளில் போகிற ஒவ்வொருவரும் இறங்கும்போதே யோசிக்க வேண்டும். மழையில் படி வழுக்கவும் செய்யும். பாதி வழியில் வலது ஷூவும் விடைபெற்றது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழவில்லை. ஆனால் மழைத் தூறலில் முகம் ஈரமாக இருந்ததற்கு மழை மட்டும் காரணம் இல்லை. நாற்பத்து மூன்று வயதில், தனியாக, கடுகு மஞ்சளில், காலில் ஸ்டோல் கட்டிக்கொண்டு ஒரு மலைப் படியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஃபேர்லேண்ட்ஸ்காரிக்கு போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால் சிக்னலும் இல்லை. கொய்யாப்பழக் கூடையோடு படி ஏறிக்கொண்டிருந்த ஓர் ஆயா நின்று என் காலைப் பார்த்தார். "அதைக் கழட்டிப் போட்டுட்டு நட கண்ணு. செருப்பு வந்ததெல்லாம் இப்பத்தானே" என்றார். அவர் காலில் ஒன்றும் இல்லை. சாக்ஸோடு நடந்தேன். இந்த மலையில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடி கொண்டுவந்து நட்டார் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அன்றைக்கு இந்த ரோடே கிடையாது. அவர் என்ன ஷூ போட்டு ஏறினார், அது எத்தனை நாள் தாங்கியது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, எனக்கு அப்போது அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஷூ ஏன் அப்படிக் கரைந்தது என்பதை ஊருக்கு வந்த பிறகு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கேட்டேன். வருடத்துக்குப் பத்துப் பேராவது இப்படி வருகிறார்களாம், பெரும்பாலும் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த ஷூவோடு. பல ஷூக்களின் மெத்தென்ற அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்வது. காற்றில் இருக்கிற ஈரம் அதற்குள் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாக அதை உடைத்துவிடும். போட்டு நடந்துகொண்டிருந்தால் அவ்வளவு சீக்கிரம் போகாது. பெட்டியில் மூடி, சூடான பீரோ மேல் வருடக்கணக்கில் வைத்தால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். போடாமல் வைத்தால் புதுசாகவே இருக்கும் என்கிற நம்முடைய கணக்கு இந்தப் பொருளுக்கு மட்டும் தலைகீழ். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால் இன்றைக்கே எடுத்து, அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, அழுத்திய குழி அப்படியே நின்றாலோ, ஓரத்தில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ அது முடிந்த கதை, ஒட்டினாலும் நிற்காது. நன்றாகத் தெரிந்தாலும் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டுப் படி ஏறி இறங்கிப் பாருங்கள். வீட்டுப் படியில் உதிர்ந்தால் விளக்குமாறு இருக்கிறது. எப்படி இருந்தாலும் பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் பெரிய பாரமாக இருக்காது.

மேலே ரோட்டுக்கு வந்து முக்கால் மணி நேரம் நின்றேன். வந்த ஆட்டோக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு 200 ரூபாய் என்றார். காலைப் பார்த்த பிறகு பேரம் எடுபடாது. மலையில் ஆட்டோ பிடித்தால் போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து முதலிலேயே பேசிவிடுவதுதான் நல்லது. கையில் 500 ரூபாய்தான் பணமாகக் கொண்டு போயிருந்தேன், மற்றதெல்லாம் போனில் இருக்கிறதே என்று. ஆட்டோவுக்கே 350 போய்விட்டது. நடுங்கியதில் ஒரு டீ, 10 ரூபாய். செருப்புக் கடையில் ரப்பர் செருப்பு 160. கையில் 140. போனை எடுத்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர்தான் பாவம் பார்த்து, "இருக்கறதைக் குடுங்க, மீதியை நாளைக்குக் குடுங்க. நீங்க இங்கதானே வேலை செய்யறீங்க" என்றார். இந்த முறை மறுக்கவில்லை, யூனிஃபார்மால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. அடிவாரத்திலேயே சில்லறையாக ஓர் ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கடன் தேவையில்லை. மழையும் மூடுபனியும் வந்தால் மலையில் நெட்வொர்க்கை நம்ப முடியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, சாக்ஸ் மேல் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு லேடீஸ் சீட் வரைக்கும் நடந்தேன். யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா தினமும் சாயங்காலம் அங்கே வந்து உட்காருவாராம், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். நானும் உட்கார்ந்தேன். கீழே சேலம் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் அதிகமாக இருக்கிற இடம் ஐந்து ரோடாக இருக்கும், அதை ஒட்டி ஃபேர்லேண்ட்ஸ், அந்தக் கோடு ஜங்ஷன் போகிற ரோடு, அப்படியானால் சூரமங்கலம் அங்கே என்று குத்துமதிப்பாகத் தேடினேன். நான்கு பேரும் அங்கே எங்கேயோ இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டோ, தண்ணீர்க் குடத்தை மூடிக்கொண்டோ இருப்பார்கள். அதுவரை இருந்த கோபம் அங்கே கொஞ்சம் குறைந்தது. உண்மையைச் சொன்னால், கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்காமல் இருந்தது அன்றைக்குத்தான். பிறகு மூடுபனி வந்து ஊரையே துடைத்துவிட்டது. காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது, இருட்டின பிறகு வெளியே நிற்காதீர்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்ததால் எழுந்து வந்தேன்.

ஆறு படுக்கை உள்ள காட்டேஜில் தனியாகப் படுப்பது பேய்ப் பயத்தைவிட மோசம். எந்தப் படுக்கையில் படுத்தாலும் மற்ற ஐந்தும் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். வராந்தா விளக்கடியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு ஈரோட்டுக்காரரின் மனைவி வந்தார். "அக்கா, குழந்தைங்களுக்குக் குளிருது, இன்னும் ரெண்டு கம்பளி கிடைக்குமா?" ரிசப்ஷனில் யாரும் இல்லை. என்னிடம் ஐந்து கம்பளி சும்மா கிடந்தது. மூன்றை எடுத்துக் கொடுத்தேன். "உடனே கொண்டாந்துட்டீங்களே" என்று ஆச்சரியப்பட்டார். நல்ல சர்வீஸ்தான், நான் மறுக்கவில்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பட்டவள் சொன்னால்தான் உறைக்கும். காட்டேஜ் 7,500, குர்த்தி 749, ஷூ 2,899, ரப்பர் செருப்பு 160, ஆட்டோ 350. மொத்தம் 11,658 ரூபாய், பஸ்ஸும் சாப்பாடும் சேர்க்காமல். சூரமங்கலத்துக்காரி கேட்காமலே தன் பங்கு 1,500 ரூபாயை அன்றைக்கு ராத்திரியே அனுப்பிவிட்டாள். குகைக்காரி அடுத்த மாதம் என்றாள். ஃபேர்லேண்ட்ஸ்காரி, "நான்தான் வரவே இல்லையே, எதுக்குடி பணம்?" என்றாள். அதை அவள் உண்மையிலேயே நம்பித்தான் கேட்டாள் என்பதுதான் வேதனை. ரூம் போடும்போதே வந்தாலும் வராவிட்டாலும் பங்கு உண்டு என்று பேசியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பின்னால் கேட்டால் பணமும் வராது, அவள் வீட்டு விசேஷத்தில் எனக்கு வருகிற ஜாக்கெட் பிட்டும் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். டவல் கேட்டு யாரோ என்று திறந்தால் அம்மாபேட்டைக்காரி. காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். கடுகு மஞ்சள் குர்த்தி, கையில் ஒரு தூக்குச்சட்டி, ஒரு பொட்டலம் தட்டுவடை, மகளுடைய பழைய செருப்பு ஒரு ஜோடி. நேற்றுத் தண்ணீர் சாயங்காலம் வரைக்கும் விட்டு விட்டு வந்ததாம். அவள் சொன்ன 'அடுத்த பஸ்' அடுத்த நாள் பஸ் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. செருப்பு எனக்கு இரண்டு சைஸ் பெரிது. ஆனாலும் அதைக் கொண்டுவர நினைத்த ஒருத்தி இருக்கிறாளே. வந்ததும் வராததுமாக என் கையில் 1,500 ரூபாயைத் திணித்துவிட்டு, "நீயும் மஞ்சளைப் போடுடி, போட்டோ எடுக்கணும்" என்றாள். வராந்தாவில் நின்று இருபது போட்டோ எடுத்தோம். பத்தொன்பதில் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

செருப்புக் கடைக்காரருக்கு 20 ரூபாய் கொடுக்கக் கிளம்பும்போது ஈரோட்டுக்காரர் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் நடந்து வந்தார், கையில் மடித்த நூறு ரூபாய். "ராத்திரி நல்லாப் பார்த்துக்கிட்டீங்கக்கா, ரெண்டு பேரும் வச்சுக்கங்க." ஐயையோ, நாங்கள் அப்படி இல்லைங்க என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மாபேட்டைக்காரி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "அடுத்த தடவையும் இங்கேயே வாங்க சார்" என்றாள்.